மைனஸ் 119

காஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் கீழே கேட்டருகே நின்று "அக்கா, ஓடிபி சொல்லுங்க" என்று குரல் கொடுக்கும்போது நான் மொட்டை மாடிப் படியில் பாதி ஏறியிருப்பேன். ஏழெட்டு மாதமாக இதுதான் வழக்கம். எங்கள் வீடு இரண்டாவது மாடி. சமையலறையில் இருக்கும்வரை அந்தக் குறுஞ்செய்தி வராது. மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவே நின்றால் காலையிலிருந்து தேங்கிக் கிடந்ததெல்லாம் ஒரேயடியாகக் கொட்டும். பேங்க் மெசேஜ், மின்வாரிய மெசேஜ், யாரோ கடன் தருகிறேன் என்று அனுப்பியது, எல்லாவற்றுக்கும் அடியில் சிலிண்டர் நம்பர். அதைத் தேடிப் பிடித்து, கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்துக் கத்துவேன். நங்கநல்லூரில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு எங்கள் வீட்டு ஓடிபி தெரியும்.

சிலிண்டர் மாதம் ஒருமுறை. சமாளித்துவிடலாம். ஆனால் நான் வீட்டிலிருந்தபடியே நாலைந்து கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறவள். சாப்பாட்டு மேசைதான் ஆபீஸ். ரிட்டர்ன் போடுகிற கடைசி நாளன்று கடைக்காரர் போனில் ஓடிபி சொல்ல வேண்டும், நான் அதைத் தட்ட வேண்டும். "ஹலோ... ஹலோ... மேடம், கேக்குதா?" என்பதற்குள் ஓடிபி காலாவதியாகிவிடும். அவர் பேசுவது எனக்கு நன்றாகவே கேட்கும். நான் பேசுவதுதான் அவருக்குப் போய்ச் சேராது. மன்னார்குடியிலிருந்து அம்மா கூப்பிட்டாலும் இதே கதை. "என்னடி, கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு" என்பாள். எனக்கு அம்மா மூச்சு விடுவதுகூடக் கேட்கும்.

இந்த ஒருவழிக் கோளாறுக்குக் காரணம் பிற்பாடுதான் புரிந்தது. டவரிலிருந்து வரும் அலை பல பத்து வாட் சக்தியில் கிளம்புகிறது. நம் கையிலிருக்கும் போன் 4ஜியில் பதில் அனுப்ப அதிகபட்சம் 0.2 வாட்தான் போட முடியும். டவர் ஒலிபெருக்கி வைத்துக் கூப்பிடுகிறது, நாம் இங்கிருந்து வாயால் பதில் சொல்கிறோம். அலை நலிந்த இடத்தில் முதலில் தோற்பது நம் குரல்தான்.

வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு. என் வீட்டுக்காரர் "நெட்வொர்க்கை மாத்து" என்றார். அவருடையதும் அதே நெட்வொர்க்தான், அவருக்கு ஓரளவு கிடைத்துக்கொண்டுதான் இருந்தது என்பதை அவர் யோசிக்கவில்லை. நியூ ஜெர்சியில் இருக்கும் அக்கா மகன் "சித்தி, போனைத் தூக்கிப் போடுங்க, மூணு வருஷம் ஆச்சு" என்றான். எதிர் வீட்டு மாமி, பக்கத்து மனையில் இருந்த ஓட்டு வீட்டை இடித்து ஐந்து மாடி கட்டிய பிறகுதான் இப்படி என்று சொன்னார். கடைவீதிப் பக்கம் இருக்கும் டவருக்கும் எங்கள் சமையலறைக்கும் நடுவே அந்தக் கட்டடம்தான் நிற்கிறது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் நேர் எதிரே அதன் சுவர். கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல இருக்கும்.

நான் போனை மாற்றுவது என்று முடிவு செய்தேன். உண்மையைச் சொன்னால் புதுப் போன் வாங்க ஒரு சாக்கு கிடைத்த சந்தோஷமும் இருந்தது. இருபத்திரண்டாயிரம் ரூபாயில் ஒன்றைப் பார்த்துக் கூடையில் போட்டும் வைத்துவிட்டேன். பணம் கட்டப் போகும்போதுதான் ஒன்று உறைத்தது. கேமரா 50 மெகாபிக்சல் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பேட்டரி, திரை, எவ்வளவு நிமிடத்தில் சார்ஜ் ஏறும், பின்பக்கம் என்ன நிறம், எல்லாம் இருக்கிறது. நான் எதற்காக வாங்குகிறேனோ அதைப் பற்றி, ஆன்டெனா எப்படி என்று, ஒரு வரி கிடையாது. இந்தப் புதுப் போன் என் சமையலறையில் டவர் பிடிக்கும் என்று யார் சொன்னது?

என் பழைய போன் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. நடுவில் ஒருமுறை கை தவறி விழுந்து டிஸ்ப்ளே மாற்றியதைத் தவிர அதற்கு ஒரு நோயும் வந்ததில்லை. குற்றம் நிரூபணமாகாமல் தண்டனை கொடுப்பானேன் என்று தோன்றியது. கணக்கு எழுதுகிறவளுக்கு வேறு எப்படித் தோன்றும்? அளந்து பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் தெரிந்துகொண்டது, போன் மூலையில் தெரியும் அந்த நாலு கோட்டை நம்பக் கூடாது என்பது. எத்தனை சிக்னலுக்கு எத்தனை கோடு என்று பொது விதி எதுவும் கிடையாது. அந்தந்தக் கம்பெனி வைத்ததுதான். 2010-இல் ஐபோன் 4 வந்தபோது, இடது கையால் கீழ் மூலையைப் பிடித்தால் சிக்னல் விழுகிறது என்று உலகம் முழுக்கக் கூச்சல். அதை ஆராய்ந்த ஆப்பிள், கோடு காட்டும் எங்கள் கணக்கே அடியோடு தவறு, பல இடங்களில் இருக்க வேண்டியதைவிட இரண்டு கோடு கூடுதலாகக் காட்டிக்கொண்டிருந்தோம் என்று ஒப்புக்கொண்டது. பிறகு போனுக்கு உறையும் இலவசமாகக் கொடுத்தார்கள். ஆக, என் போனில் இரண்டு கோடு, என் வீட்டுக்காரர் போனில் மூன்று கோடு என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

நிஜமான எண் வேறு இடத்தில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு என்றால் செட்டிங்ஸில் அபவுட் போன், அதற்குள் சிம் ஸ்டேட்டஸ், அதில் சிக்னல் ஸ்ட்ரெங்த். ஐபோன் என்றால் *3001#12345#* என்று டயல் செய்ய வேண்டும். டிபிஎம் என்ற அளவில், மைனஸ் போட்டு ஓர் எண் வரும். 4ஜிக்கு மைனஸ் 85, 90 என்றால் அருமை. மைனஸ் 100 என்றால் பரவாயில்லை. 110-ஐத் தாண்டினால் இழுபறி. 120 என்றால் ஆளே இல்லை. இந்த எண்ணில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 90-க்கும் 100-க்கும் வித்தியாசம் பத்துதானே என்று நினைத்தால் ஏமாந்தோம். பத்து இறங்கினால் சக்தி பத்தில் ஒரு பங்காகிவிடும். மூன்று இறங்கினாலே பாதி போய்விடும்.

தினசரி காலண்டரில் கிழித்த தாள்களைப் பால் கணக்குக்காகச் சேர்த்து வைத்திருப்பேன். அவற்றின் பின்பக்கத்தில் கட்டம் போட்டேன். மாடி, ஹால், படுக்கையறை, சமையலறை. என் சிம்மை என் போனில் போட்டு ஒரு சுற்று, அதே சிம்மை அவர் போனில் போட்டு ஒரு சுற்று. எண் ஒரே இடத்தில் நிற்காது, நின்ற இடத்திலேயே ஐந்தாறு ஏறி இறங்கும். அதனால் ஒவ்வோர் இடத்திலும் பத்து முறை பார்த்துச் சராசரி எடுத்தேன். போன் எந்தப் பேண்டில், அதாவது எந்த அலைவரிசையில், இருக்கிறது என்று காட்டும் ஓர் இலவச ஆப்பையும் போட்டுக்கொண்டேன். 850 மெகாஹெர்ட்ஸில் இருக்கும் போனையும் 2300-இல் இருக்கும் போனையும் ஒப்பிட்டால் அது ஆப்பிளுக்கும் ஆட்டுக்கல்லுக்கும் போட்டி வைத்த மாதிரி. "இன்கம் டாக்ஸுக்குக்கூட நீ இவ்வளவு பேப்பர் வெச்சதில்லையே" என்றார் அவர், போனை எப்போது திருப்பித் தருவாய் என்ற அர்த்தத்தில்.

ராகு காலம் எமகண்டத்துக்குப் பின்னால் வந்த கணக்கு இதுதான். மாடியில் என் போன் மைனஸ் 94, அவர் போன் மைனஸ் 84. ஹாலில் 106, 95. படுக்கையறையில் 110, 100. சமையலறையில் என்னுடையது 119, அவருடையது 108.

கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து, பதினொன்று, பத்து, பதினொன்று. எங்கே போனாலும் என் போன் அதே அளவு பின்தங்குகிறது. சுவர் தடுப்பதாக இருந்தால் இரண்டு போனையும்தானே தடுக்க வேண்டும்? ஒரு மறைப்பும் இல்லாத மொட்டை மாடியிலும் வித்தியாசம் அப்படியே இருக்கிறதே. அப்படியானால் கோளாறு போனுக்குள். அதே சமயம் மாடியிலிருந்து சமையலறைக்கு வருவதற்குள் இரண்டு போனுமே இருபத்துநாலு, இருபத்தைந்து இழக்கின்றன. அதாவது சக்தியில் இருநூற்றைம்பதில் ஒரு பங்குகூட உள்ளே வருவதில்லை. அது கட்டடத்தின் வேலை. கம்பி கட்டிய கான்கிரீட், எதிரே இன்னொரு கான்கிரீட், இரண்டுக்கும் நடுவே என் எவர்சில்வர் பாத்திர அலமாரி. ரேடியோ அலைக்கு உலோகம் என்பது முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி, பட்டுத் திரும்பிவிடும். மாமியும் சரி, அக்கா மகனும் சரி.

அந்த ராத்திரியே அவனுக்கு வாட்ஸ்அப்பில் தாளைப் படமெடுத்து அனுப்பினேன். "சூப்பர் சித்தி, நான் என் பழைய ஐபோனையே அனுப்பிடறேன்" என்றான். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில், 14-லிருந்து, சிம் போடும் இடமே கிடையாது. போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம் மட்டும்தான். இங்கேயும் இ-சிம் கிடைக்கிறது, பிரச்சினை அதுவல்ல. சிம்மைக் கழற்றி அவர் போனில் போட்டுப் பார்த்ததால்தானே எனக்கு இத்தனையும் தெரிந்தது? நாளைக்குப் போன் நீரில் விழுந்தால், சிம்மை உருவி வேறு போனில் செருகிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறவள் நான். தவிர, வெளிநாட்டிலிருந்து போன் வரவழைக்கிற யாரும் இங்கே ஓடும் பேண்டுகள் அதில் இருக்கின்றனவா என்று முதலில் பார்த்துவிடுவது நல்லது. அங்கே விற்கும் சில ஆண்ட்ராய்டு மாடல்களில் நம் ஊரில் ஓடும் 2300, அதாவது பேண்ட் 40, இருக்காது. என்ன விலை கொடுத்திருந்தாலும் அந்த அலைவரிசை அந்தப் போனுக்குச் செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் அப்பார்ட்மெண்ட் மொட்டை மாடியில் டவர் வைக்க ஓர் ஏஜெண்ட் வந்து கேட்டார். நல்ல வாடகை. அசோசியேஷன் கூட்டத்தில், குழந்தைகள் இருக்கிற இடத்தில் கதிர்வீச்சு வேண்டாம் என்று எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். அதில் நாலாவது கையெழுத்து என்னுடையது. டவர் கதிர்வீச்சுக்கு சர்வதேச அளவில் வைத்திருக்கும் வரம்பில் பத்தில் ஒரு பங்குதான் இந்தியாவில் அனுமதி என்பதோ, 2012 செப்டம்பரிலிருந்தே அந்த விதி இருக்கிறது என்பதோ அன்றைக்கு எனக்குத் தெரியாது. இன்னொன்றும் தெரியாது. டவர் பக்கத்தில் இருந்தால் போன் கிசுகிசுத்தால் போதும். டவர் கிடைக்காத இடத்தில்தான் முழு பலத்தோடு கத்தும், அதுவும் நம் காதோடு ஒட்டிக்கொண்டு. சமையலறையில் பத்து நிமிடம் பேசினால் என் போன் தோசைக்கல் மாதிரி சுட்டதும், மத்தியானத்துக்குள் சார்ஜ் பாதிக்கு இறங்கியதும் அதனால்தான். பேட்டரி கிழமாகிவிட்டது என்று நான் அதைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

சரி, போனுக்குள் என்ன கோளாறு?

ஒரு சனிக்கிழமை நங்கநல்லூர் ரோடு ஸ்டேஷனில் மெட்ரோ ஏறி, அரசினர் தோட்டத்தில் இறங்கி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நடந்தேன். மவுண்ட் ரோட்டிலிருந்து திரும்பினால் போதும், வேறு ஊர். தலைக்கு மேலே ஒயர், கடை வாசலில் ஒயர், தள்ளுவண்டியில் ஒயர். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் கடைக்குள் ஏற வேண்டும். ஏறினால் உடனே "மேடம், என்ன பாக்குறீங்க?" நான் சிக்னல் என்று வாயெடுத்ததுமே ஒரு கடையில் பூஸ்டர் பெட்டியை எடுத்து மேசையில் வைத்துவிட்டார்கள். வீட்டுக்குள் மாட்டினால் அஞ்சு பாயிண்ட் எடுக்கும் என்றார்கள். எடுக்கலாம். ஆனால் அனுமதி இல்லாமல் தனியார் வீட்டில் அதை மாட்டுவது சட்டப்படி குற்றம். நம் வீட்டில் சிக்னலைத் தூக்கிவிட்டு, அக்கம்பக்கம் டவரோடு பேசுகிற எல்லாருக்கும் அது இரைச்சலைக் கிளப்பும். எங்கள் தெருவில் ஏற்கெனவே என் குரல் இரைச்சல் போதும் என்று நகர்ந்துவிட்டேன்.

மூன்றாவது சந்தில், படிக்கட்டுக்கு அடியில் ஒரு சர்வீஸ் கடை. ஓர் ஆள் உட்கார இடம், அவ்வளவுதான். அந்தப் பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். போனை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பின்னால் ஒட்டியிருந்த ஸ்டீல் வளையத்தை நகத்தால் தட்டி "இதை முதல்ல எடுத்துடுங்க" என்றார். அப்புறம், நான் காலண்டர் தாளை எடுத்து நீட்டுவதற்குள்,

"டிஸ்ப்ளே மாத்தியிருக்கீங்களா மேடம்?"

"ஆமா, எட்டு மாசம் இருக்கும். எப்படித் தெரிஞ்சுது?"

"ஓரத்துல கம் வேற மாதிரி இருக்கு."

எட்டு மாதம். ஏழெட்டு மாதமாக மாடிப்படி ஏறுகிறேன் என்று நானேதான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு படிக்கட்டுக் கடைப் பையன் வேண்டியிருந்தது.

அவர் போனைச் சூடான தட்டில் சற்று வைத்தார். பிறகு கிட்டார் மீட்டுகிற தகடு போல ஒன்றை ஓரத்தில் செருகி, கேக் வெட்டுவது போலச் சுற்றிக்கொண்டு வந்தார். பின்மூடி வந்துவிட்டது. கடுகளவு ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, காந்தம் வைத்த பலகையில் போன் வடிவத்திலேயே அடுக்கினார். என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். மேலே மெயின் போர்டு, கீழே சார்ஜிங் போர்டு, நடுவே பேட்டரி. பேட்டரியின் ஓரமாக மேலிருந்து கீழே, நூலைவிடக் கொஞ்சம் தடியான ஒரு கறுப்பு ஒயர் ஓடியது. "இதுதான் ஆன்டெனா ஒயர். ஆன்டெனா கீழ இருக்கு, அதைப் பிடிச்சு மேல கொண்டுபோறது இதுதான்." அதன் இரண்டு நுனியிலும் தங்க நிறத்தில் எள்ளளவு ஒரு வட்டம். ஜாக்கெட்டில் வைக்கிற டிச் பட்டன்தான், அதையே எறும்புக்குத் தைத்தால் எப்படி இருக்கும் அப்படி. மேல் நுனி சரியாக உட்கார்ந்திருந்தது. கீழ் நுனி ஒரு பக்கம் மட்டும் பட்டு, மறு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. அதற்குச் சற்று மேலே ஒயரும் மடிந்து நசுங்கியிருந்தது.

"முழுசா கழண்டிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். பாதி தொட்டுக்கிட்டு இருந்ததால ஓட்டியிருக்கீங்க."

ஒயரையே மாற்றிவிடலாம் என்றார். டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து, நீளம் பார்த்து, இடுக்கியால் வைத்து விரல் நுனியால் அழுத்தினார். கூலியோடு முந்நூற்றைம்பது ரூபாய். டிஸ்ப்ளே மாற்றிய கடையின் பெயரை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தண்ணீர் புகாமல் இருக்க முன்பு இருந்த பசை இனி அதே மாதிரி இருக்காது, மழையில் ஜாக்கிரதை என்று மட்டும் சொல்லிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே சமையலறை. மைனஸ் 111. மாடியில் 86. காலண்டர் தாளில் சிவப்பு மையில் எழுதினேன்.

இதோடு எல்லாம் தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன். 111 என்பது இழுபறிதான். அம்மாவுக்கு என் குரல் கேட்கிறது, ஆனால் ஃபிரிட்ஜுக்குப் பின்பக்கம் போனால் இன்னும் கிணறுதான். அதற்கு, டவருக்குப் பதில் வீட்டு வைஃபை வழியாகப் பேசும் வைஃபை காலிங் போட்டேன். 2019, 2020 வாக்கிலேயே இந்தியாவில் வந்துவிட்ட வசதி, தனிக் கட்டணம் இல்லை, செட்டிங்ஸில் ஒரு பொத்தான். இத்தனை நாள் அதைப் போடாமல் மாடி ஏறியிருக்கிறேன் என்பதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது எழுதிவிட்டதால் தெரிந்துவிடும். 5ஜியை அணைத்து 4ஜியில் மட்டும் நிறுத்தினேன். இங்கே 5ஜி பெரும்பாலும் ஓடுவது 3300 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே. அலை நீளம் ஒரு சாண்கூட இருக்காது, கான்கிரீட்டைத் துளைத்து வர அதற்குத் தெம்பு கிடையாது. போன் அதை விட்டுப் பிடிப்பதும் பிடித்து விடுவதுமாகச் சார்ஜைத் தின்றுகொண்டிருந்தது.

வைஃபை இருக்கிறதே, இனி டவர் எதற்கு என்று இருந்துவிடவும் முடியவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தெருவில் முழங்கால் தண்ணீர். கரண்ட் போனது, ரவுட்டர் போனது, கொஞ்ச நேரத்தில் டவரும் போனது. எங்கள் மாடியில் பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஆரத்தி எடுப்பதுபோல் சுற்றிச் சுற்றி நடந்தோம். யாருக்காவது ஒரு கோடு வந்தால் எல்லாரும் அங்கே ஓடுவோம். அந்த மாதிரி நாளில் மைனஸ் 94-க்கும் 86-க்கும் உள்ள தூரம் பெரிது.

நெட்வொர்க்கை மாற்றும் யோசனையையும் நான் கைவிடவில்லை. கீழ் வீட்டுப் பெண் வேறு கம்பெனி. அவள் போனை என் சமையலறையில் வைத்துப் பார்த்தால் மைனஸ் 101. எண்ணை மாற்றாமல் நெட்வொர்க்கை மாற்றுவது 2011-லிருந்தே நாடு முழுக்க இருக்கிறது. போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு நம் எண்ணைப் போட்டு 1900-க்கு அனுப்பினால் ஒரு குறியீடு வரும். அதை எடுத்துக்கொண்டு புதுக் கம்பெனிக்குப் போனால் மூன்று வேலை நாள். ரிட்டர்ன் தேதிகளுக்கு நடுவே அந்த மூன்று நாள் எனக்கு வாய்க்க வேண்டும். மாறும் அன்று ஓடிபி வராமல் சில மணி நேரம் போகும் என்கிறார்கள். ஆடிட்டர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் அதை விளக்கி மாளாது. பார்க்கலாம், அடுத்த மாதம். இருபத்திரண்டாயிரம் ரூபாய்ப் போன் இன்னும் கூடையிலேயே இருக்கிறது. விலை குறைந்துவிட்டது என்று இரண்டு நாளைக்கு ஒரு தடவை கூப்பிடுகிறது.

போன வாரம் சிலிண்டர் வந்தது. அடுப்பில் ரசம் கொதிக்க, நின்ற இடத்தில் நின்றபடி ஜன்னல் வழியாக நம்பரைச் சொன்னேன். கீழே சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால் அவர் தன் போனை உதறிக்கொண்டிருந்தார்.

"அக்கா, எனக்கு டவர் எடுக்கல. உங்க மாடி கதவு திறந்திருக்கா?"